பரிமாறுகிறவன் தன் ஆளானால்: பிரித்தானிய மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

கிழக்கு இலண்டனில் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் கொள்வனவுப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கதிரை, குப்பைப் பை, பாடசாலைச் சமையலறைப் பாத்திரம் என்று மன்றம் வாங்கும் பொருள்களுக்கு விலைகோருவதும், வந்த விலைகளை ஒப்பிட்டு அறிக்கை எழுதுவதும்தான் என் தொழிலாக இருந்தன. எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினனில்லை. தேர்தல் நாளில் காலையிலேயே போய் வாக்களித்துவிடுகிற பழக்கம் மட்டும் உண்டு. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களைப் பற்றி எங்கள் வீட்டு அடுப்படியிலும் கோயில் அன்னதான மண்டபத்திலும் நாங்கள் பேசிக்கொள்வது இந்த மொழியில்தான். அதே பேச்சை உங்கள் தொகுதி அலுவலகத்தில் வந்து ஆங்கிலத்தில் சொல்லும்போது, மரியாதை கருதி நாங்களே அதன் சூட்டை ஆற்றிவிடுகிறோம். ஒருமுறையேனும் ஆறாமல் வந்து சேரட்டும் என்று நினைத்தேன். மொழிபெயர்க்க ஆள் தேடுவது இலண்டனில் உங்களுக்குப் பெரிய சிரமமாக இராது.

எங்கள் பிரிவில் ஃபோட்டோகொப்பி இயந்திரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் உறையிட்ட தாள் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. தன்னலமின்மை, நேர்மை, பக்கஞ்சாராமை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மை, தலைமைத்துவம் என்னும் ஏழு நெறிகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. பணம் வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்ட விவகாரம் 1994இல் வெடித்தபோது பிரதமர் ஜோன் மேஜர் அமைத்த நோலன் குழு, மறு ஆண்டு வகுத்துத் தந்தவை அவை. உங்கள் வீட்டில் நடந்த பிழைக்காக எழுதப்பட்ட தாளை எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று நான் அப்போது வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் எங்களிடம் அது சுவரோடு நின்றுவிடவில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்திய நாள், மன்றத்தின் அடுக்குமாடி ஒன்றில் தனியாக வசித்த அம்மா ஒருவர், தமக்கு வந்திருந்த கடிதமொன்றை நான் வாசித்து விளக்கியதற்கு நன்றியாக ஒரு தகர டின் நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து தந்தார். வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். வாங்கினால் விதி இடிக்கும். வாங்கிக்கொண்டு, அவர் படியிறங்கிப் போன பிறகு அன்பளிப்புப் பதிவேட்டை எடுத்தேன். திகதி, தந்தவர், பொருள், உத்தேசப் பெறுமதி, எதற்காகத் தரப்பட்டது, பொருள் என்ன செய்யப்பட்டது என்று ஆறு நிரல்கள். பெறுமதி நிரலில் 4 பவுண் என்று நான் எழுதியபோது, பக்கத்து மேசைக்காரர் ‘அவ்வளவு பெறுமா?’ என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது பணியாரத்தையும் எடுத்து வாயில் போட்டார். ‘பிரிவில் உள்ள எல்லோருக்கும் பகிரப்பட்டது’ என்று கடைசி நிரலை நிரப்பினேன். மேலதிகாரி வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார். பதிவேடு மூடப்பட்டது.

2024 ஜூலையில் பிரதமரான கீர் ஸ்டார்மர், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்தில் தொழிற்கட்சி நன்கொடையாளரான வஹீத் அலி பிரபுவிடமிருந்து 16,200 பவுண் பெறுமதியான உடைகளையும் 2,485 பவுண் பெறுமதியான மூக்குக்கண்ணாடிகளையும் பெற்றுக்கொண்டார் என்ற செய்தியை 2024 செப்டெம்பரில் வாசித்தபோது எனக்கு அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. ஓய்வூதியர்களுக்குக் குளிர்காலத்தில் 200 அல்லது 300 பவுணாகக் கிடைத்துவந்த எரிபொருள் கொடுப்பனவு, மிக வறியவர்கள் தவிர்ந்த ஏனையோருக்கு அவருடைய அரசாங்கத்தால் நிறுத்தப்பட்ட மாதங்களும் அவைதான். பின்னர் 6,000 பவுணுக்கு மேற்பட்ட அன்பளிப்புகளின் பெறுமதியை அவர் திருப்பிச் செலுத்தினார். கொடுப்பனவும் மறு ஆண்டு பெரும்பாலானோருக்கு மீண்டது. உடை வாங்கியதை ஊழல் என்று சொல்ல நான் வரவில்லை. தன் சம்பளத்திலேயே சட்டை வாங்கிப் போடக்கூடிய ஒருவருக்கு இன்னொருவர் எதற்காக வாங்கிக் கொடுத்தார் என்று கேட்கும் ஐந்தாவது நிரல் எங்கள் பதிவேட்டில் இருந்தது, உங்கள் பதிவேட்டில் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறேன். 300 பவுணுக்கு மேற்பட்டதை எழுதிவிட்டால் உங்கள் கடமை முடிந்துவிடுகிறது.

1970களில் இலங்கையில் வளர்ந்தவர்களுக்குத் ‘துண்டு’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அரச வேலை வேண்டுமென்றால் ஆளுங்கட்சி எம்.பி.யிடமோ கட்சி அமைப்பாளரிடமோ ஒரு துண்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சான்றிதழ் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் துண்டு இல்லாதவன் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் நின்று காய வேண்டியதுதான். என் அண்ணர் அப்படி இரண்டு வருடங்கள் காய்ந்தவர். பரிமாறுகிறவன் தன் ஆளானால் கடைப் பந்தியில் இருந்தாலும் கவலையில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி செல்லாத ஒரு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணம், இங்கே வந்த முதல் மாதத்தில், தபாற்கந்தோர் வரிசையில் எனக்கு ஏற்பட்டது. முன்னே நின்ற வெள்ளைக்காரக் கனவான் காசாளரைப் பேர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்தவராக இருந்தும், தன் முறை வரும்வரை மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். அதைக் கண்டுதான் எங்கள் பிள்ளைகளுக்குப் ‘படி, விண்ணப்பி, வரிசையில் நில்’ என்று சொல்லிக்கொடுத்தோம்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் மீது எங்களுக்குள்ள கோபத்தை நீங்கள் பணத்தைப் பற்றிய கோபம் என்று எடுத்துக்கொண்டு, பதிவேடுகளைத் திருத்துவதிலும் தொகைகளின் எல்லையைக் கூட்டிக் குறைப்பதிலும் காலத்தைக் கழிக்கிறீர்கள். எங்கள் கோபம் வரிசையைப் பற்றியது. பரிமாறுகிறவரும், பந்தியில் இருப்பவரும், பரிமாறியது சரியா என்று தீர்ப்புச் சொல்பவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருப்பதைப் பற்றியது.

2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மருமகள் மருத்துவத் தாதி. வேலை முடிந்து வந்ததும் சீருடையைத் தனியாகக் கட்டி, அப்படியே சலவை இயந்திரத்துள் போடுவதற்கு வாய் இறுக்கக்கூடிய பைகள் வேண்டும் என்று அவளுடைய வார்டில் கேட்டிருந்தார்கள். வீட்டில் இருந்த பழைய தலையணை உறைகளை எல்லாம் எடுத்து, வாய்ப் பக்கத்தை மடித்துத் தைத்து, நாடா கோத்து, என் மனைவி இரண்டு கிழமையில் அறுபது பை தைத்துக் கொடுத்தாள். நாடா முடிந்தபோது என் பழைய சப்பாத்துக் கயிறுகளும் போயின. நாட்டின் எத்தனையோ வீடுகளில் அந்த நாள்களில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதே நாள்களில் அரசாங்கம், பாதுகாப்பு அங்கிகளும் முகக்கவசங்களும் வாங்குவதற்கு இரண்டு வரிசைகளை வைத்திருந்தது. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், பிரபுக்கள், மூத்த அதிகாரிகள் ஆகியோரின் அறிமுகத்தோடு வந்தவர்களுக்கு ஒன்று. அறிமுகம் இல்லாதவர்களுக்கு மற்றொன்று. முதலாவது வரிசையில் வந்த 493 பேரில் 47 பேருக்கும், இரண்டாவதில் வந்த 14,892 பேரில் 104 பேருக்கும் ஒப்பந்தம் கிடைத்தது என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் 2020 நவம்பரில் எழுதியது. அறிமுகம் இருந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு. இல்லையென்றால் நூறில் ஒருவருக்குக்கூட இல்லை. இந்தக் கணக்கை வாசித்த அன்று, 40 கதிரை வாங்குவதற்கு மூன்று இடத்தில் விலை கேட்டு, மலிவானதை ஏன் எடுக்கவில்லை என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதிய என் காலம் முழுவதும் கண்முன் வந்து போனது. அந்த முன்னுரிமை வரிசை சட்டத்துக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வழக்கிலிருந்த ஒப்பந்தங்கள் எப்படியும் அந்த நிறுவனங்களுக்கே கிடைத்திருக்கக்கூடும் என்றும் அது சொன்னது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவசர காலம், உயிர் போகிற நேரம், முறைப்படி விலைகோர நேரமில்லை என்று உங்களில் சிலர் சொல்வது எனக்கும் விளங்குகிறது. வெள்ளம் வந்த இரவில் நானும் ஒரே தொலைபேசி அழைப்பில் மணல் மூட்டை வாங்கியிருக்கிறேன். அவசரத்தில் வரிசையைக் குறுக்கலாம். குறுக்கிய வரிசையில் யார் முன்னே நிற்பது என்பதைப் பொருளின் தரத்தையும் அனுபவத்தையும் கொண்டு தீர்மானிக்காமல், யாருடைய கைத்தொலைபேசியில் யாருடைய இலக்கம் இருக்கிறது என்பதைக் கொண்டு தீர்மானித்ததற்கு அவசரம் எப்படிக் காரணமாகும்?

மிஷேல் மோன் சீமாட்டியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2015இல் அன்றைய பிரதமர் டேவிட் கமரன் அவரைப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார். 2020 மே மாதம் பதிவு செய்யப்பட்ட பிபிஇ மெட்ப்ரோ என்ற நிறுவனத்தை அவர் அமைச்சர்களுக்கு அறிமுகம் செய்தார். சில கிழமைகளுக்குள் அந்நிறுவனம் 200 மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பெற்றது. அதனோடு தமக்குத் தொடர்பில்லை என்று பத்திரிகைகளிடம் மறுத்துவந்தவர், அப்படி மறுத்தது பொய் என்று 2023 டிசெம்பரில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனம் தந்த 25 மில்லியன் அறுவைச் சிகிச்சை அங்கிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவை என்பதற்கு உரிய சான்று இல்லாதபடியால் ஒப்பந்தம் மீறப்பட்டது என்றும், ஏறத்தாழ 122 மில்லியன் பவுணைத் திருப்பித் தர வேண்டும் என்றும் 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்புக்கு முதல் நாள் நிறுவனம், கடன் தீர்க்க முடியாத நிறுவனங்களுக்கு நியமிக்கப்படும் நிர்வாகியின் பொறுப்புக்குப் போய்விட்டது. தாமோ தம் கணவரோ தவறு செய்யவில்லை என்பது சீமாட்டியின் நிலைப்பாடு. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் தீர்க்கட்டும். ஓர் அங்கி 4 பவுண் 88 பென்ஸ். பணியாரத்தின் பெறுமதியை 4 பவுண் என்று எழுதிய எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெஸ்ட்ஃபெரி விவகாரம் எங்கள் பக்கத்து ஊர்க்கதை. மில்வோல் கப்பல்துறையின் கரையில், ஒருகாலத்தில் நாளிதழ்கள் அச்சான நிலத்தில், ரிச்சர்ட் டெஸ்மண்டின் நிறுவனம் ஏறத்தாழ 1,500 வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தது. மறுக்கும்படி திட்டமிடல் பரிசோதகர் பரிந்துரைத்திருந்தார். 2019 நவம்பரில் ஆளுங்கட்சியான கொன்சர்வேட்டிவ் கட்சி நிதி சேர்க்கும் விருந்தொன்றில் வீடமைப்பு அமைச்சர் ரொபர்ட் ஜென்ரிக்கின் மேசையிலேயே அமர்ந்திருந்த டெஸ்மண்ட், திட்டத்தைப் பற்றிய காணொளியைத் தன் கைத்தொலைபேசியில் அவருக்குக் காட்டினார். 2020 ஜனவரி 14ஆம் திகதி அமைச்சர் பரிசோதகரைப் புறந்தள்ளி அனுமதி கொடுத்தார். டவர் ஹம்லட்ஸ் மன்றத்தின் புதிய அபிவிருத்திக் கட்டணம் நடைமுறைக்கு வரச் சில நாள்களே இருந்தன. அதற்கு முன் அனுமதி கொடுத்ததால் மன்றத்துக்கு 30 முதல் 50 மில்லியன் பவுண் வரை கிடைக்காமற்போயிருக்கும். கட்டுப்படியான விலை வீடுகளின் பங்கும் 35இலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தது. அனுமதி கிடைத்த இரண்டு கிழமையில் டெஸ்மண்ட் கட்சிக்கு 12,000 பவுண் கொடுத்தார். மன்றம் வழக்கு வைத்தபோது, பக்கச்சார்பாகத் தோன்றும் என்ற அடிப்படையில் முடிவு சட்டத்துக்கு முரணானது என்று அமைச்சரே ஏற்றுக்கொண்டார். தாம் உண்மையில் பக்கஞ்சாயவில்லை என்றார். அவர் பதவி விலகவில்லை. விலகும்படி பிரதமரும் கேட்கவில்லை. டவர் ஹம்லட்ஸில் ஈரம் ஊறிய இரண்டு அறைகளில் ஆறு பேராக வாழ்ந்துகொண்டு வீட்டுக்கான வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்களில் எவருக்கும் அமைச்சரின் மேசையில் இடம் கிடைக்காது.

டேவிட் கமரன், பிரதமர் பதவியை விட்ட பின், கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக நிதியமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் குறுஞ்செய்திகளும் மின்னஞ்சல்களுமாக அனுப்பிய கதையை நான் நீட்டவில்லை. அவர் கேட்டது இறுதியில் கொடுக்கப்படவில்லை. அவர் விதி எதையும் மீறவில்லை என்று நாடாளுமன்றக் குழுவும் கண்டது. பரப்புரையாளர்களின் செல்வாக்குத்தான் அடுத்து வெடிக்கப்போகும் பெரிய ஊழல் என்று 2010இல் எச்சரித்தவரே அவர்தான் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

ஏனென்றால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது 2021 நவம்பர் 3ஆம் திகதியைப் பற்றி. உங்களில் பலர் அன்று அந்தச் சபையில் இருந்தீர்கள். கொன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினராக இருந்த ஓவன் பேட்டர்சன், ரான்டாக்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100,000 பவுண் வாங்கிவந்தார்; இன்னொரு நிறுவனத்திடமிருந்து 12,000. அன்றைய உங்கள் சம்பளமான 81,932 பவுணை விட அது அதிகம். அந்த நிறுவனங்களுக்காக அவர் அரச முகவரகங்களையும் அமைச்சர்களையும் திரும்பத் திரும்ப அணுகினார் என்று ஒழுக்கநெறி ஆணையாளர் கண்டறிந்தார். எல்லாக் கட்சியினரும் அடங்கிய உங்கள் குழு அதை ஏற்று, 30 அமர்வு நாள்கள் அவரை இடைநிறுத்தப் பரிந்துரைத்தது. அவர் குற்றத்தை மறுத்தார். விசாரணைக் காலத்தில் அவர் குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரத்தை நான் இங்கே இழுக்கப்போவதில்லை. அரசாங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கொறடா ஆணை பிறப்பித்தது. தண்டனையை நிறுத்தி, விசாரிக்கும் முறையையே மாற்றி எழுதலாம் என்ற திருத்தத்துக்கு ஆதரவாக 250 பேரும் எதிராக 232 பேரும் வாக்களித்தீர்கள். ஆட்டக்காரன் ஆட்டமிழந்த பிறகு நடுவரை மாற்றுவோம் என்று தெருவில் பந்தடிக்கும் பிள்ளைகள்கூடச் சொல்லத் துணியமாட்டார்கள்.

மறுநாளே அரசாங்கம் பின்வாங்கியது. பேட்டர்சன் பதவி துறந்தார். டிசெம்பர் 16ஆம் திகதி அவருடைய தொகுதியான வட ஷ்ரொப்ஷயரின் வாக்காளர்கள், ஏறத்தாழ 23,000 வாக்குப் பெரும்பான்மையோடு இருந்த தொகுதியை லிபரல் டெமொக்ரட் கட்சிக்கு 5,925 பெரும்பான்மையோடு தூக்கிக் கொடுத்தார்கள். ஆளுங்கட்சியிலிருந்து 13 பேர் அந்தத் திருத்தத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். வாக்களிக்காமல் ஒதுங்கியதற்காக ஒருவர் சிறுபதவி ஒன்றை இழந்து மறுநாள் திரும்பப் பெற்றார். எங்கள் கோயில் மண்டபத்தில் இளைஞர்கள் நீங்கள் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று அடித்துச் சொல்லும்போது, நான் அந்த 13 பேரைத்தான் எடுத்துச் சொல்கிறேன். அவர்கள் சிரித்துவிட்டு, ‘மற்ற 250, மாமா?’ என்று கேட்கிறார்கள்.

உங்கள் சபையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு மறுகதை உண்டு. 1695இல் சபாநாயகராக இருந்த சர் ஜோன் ட்ரெவர், இலண்டன் மாநகராட்சிக்கு வேண்டிய ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றித் தருவதற்காக 1,000 கினி (அக்காலப் பொன் நாணயம்) வாங்கினார். அவர் குற்றவாளி என்ற தீர்மானம் வந்தபோது சபாநாயகர் என்ற முறையில் அதை வாக்கெடுப்புக்கு விட வேண்டியவரும் அவரே. தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சபைக்கு வாசித்து, ஆமோதிக்கிறவர்கள் சொல்லலாம் என்று கேட்டார். சபை ஆமோதித்தது. அடுத்த நாள்களில் உடல்நலமில்லை என்று சொல்லி அவர் வரவில்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவரை வெளியேற்றினார்கள். கொறடா முறை நிலைபெறாத காலம் அது.

பிரபுக்கள் சபையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் மனைவி வானொலியை நிறுத்திவிடுகிறாள். பிரதமர் லொயிட் ஜோர்ஜ் காலத்தில் பட்டங்கள் கடையில் விற்பதுபோல் விற்கப்பட்டதால் 1925இல் தடைச் சட்டம் வந்தது. நூறாண்டு கடந்தும் அதன்கீழ் தண்டிக்கப்பட்டவர் மோண்டி கிரெகரி என்ற தரகர் ஒருவர் மட்டுமே. 2020 டிசெம்பரில், பிரபுக்கள் நியமன ஆணையத்தின் ஆலோசனையை மீறிய முதற்பிரதமராக பொரிஸ் ஜோன்சன், கட்சியின் முன்னாள் பொருளாளரும் நன்கொடையாளருமான பீட்டர் குரூடஸைப் பிரபுவாக்கினார். அவர் சபையில் அமர்ந்து மூன்று நாளில் கட்சிக்கு 500,000 பவுண் கொடுத்தார். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பணியாரம் தந்த அம்மாவுக்கு மறுகிழமை நான் ஒரு மன்ற ஒப்பந்தத்தைக் கொடுத்திருந்தால், தொடர்பு இருந்ததா என்று என்னிடம் யாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள், வேலை போயிருக்கும்.

ஆட்சி மாறிய பிறகு நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. அமைச்சர்களின் ஒழுக்கம் பற்றிய சுயாதீன ஆலோசகர், பிரதமரின் அனுமதியின்றித் தாமே விசாரணை தொடங்கலாம் என்று 2024 நவம்பரில் விதி திருத்தப்பட்டது. அமைச்சர்கள் பெறும் அன்பளிப்புகள் மாதந்தோறும் வெளியிடப்படுகின்றன. வீடு வாங்கியபோது முத்திரைத் தீர்வையில் 40,000 பவுண் குறைத்துச் செலுத்திய விவகாரத்தில் அமைச்சர் விதிக்கோவையை மீறினார் என்று ஆலோசகர் 2025 செப்டெம்பரில் கண்டபோது, துணைப் பிரதமர் அஞ்சலா ரெய்னர் விலகினார். ஆனால் அதே மாதத்தில்தான், முன்னர் இரண்டு தடவை அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்த பீட்டர் மண்டல்சனை, பாலியல் குற்றவாளியான ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு அவருக்கிருந்த நட்பின் ஆழம் மின்னஞ்சல்களில் வெளிவந்ததும், வாஷிங்டன் தூதர் பதவியிலிருந்து நீக்க வேண்டியும் வந்தது. அந்த நட்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. நியமித்தவர்களுக்கு அவர் வேண்டியவராக இருந்தார். பந்தியில் இடம் கிடைத்தது.

2025 அக்டோபரில் நோலன் வழிவந்த குழுவின் இடத்தில் நெறிமுறை ஆணையம் ஒன்று புதிய பெயரோடு வந்திருக்கிறது. தனிப்பட்ட ஒருவர் மீதான முறைப்பாட்டை அது விசாரிக்காது. ஆலோசகர் விசாரிப்பார், ஆனால் அவர் கண்டதற்கு என்ன தண்டனை என்பதைப் பிரதமரே தீர்மானிப்பார். உள்துறை அமைச்சர் ப்ரீத்தி பட்டேல் அதிகாரிகளை நடத்திய விதம் விதிக்கோவைக்கு முரணானது என்று 2020இல் ஆலோசகராக இருந்த சர் அலெக்ஸ் அலன் கண்டார், பிரதமர் ஏற்கவில்லை, அமைச்சர் பதவியில் இருந்தார், விசாரித்தவர் விலகினார். 2022 ஜூனில் அவருக்குப் பின் வந்த கைட் பிரபுவும் விலகினார். குற்றம் சாட்டப்பட்டவர் இருக்க, நீதிபதிகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போன வேடிக்கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கட்சிகளுக்குப் போகும் பணத்துக்கும் இந்த நாட்டில் உச்சவரம்பு கிடையாது. ஒருவர் ஆண்டுக்கு ஒரு கட்சிக்கு 10,000 பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று 2011இல் அந்தப் பழைய குழுவே பரிந்துரைத்தது. மூன்று பெரிய கட்சிகளும் அதைத் தொடவில்லை. 2025இல் ரிஃபோர்ம் கட்சிக்கு ஒரே மனிதரிடமிருந்து 9 மில்லியன் பவுண் போயிருக்கிறது; பழைய கட்சிகளின் ஊழலைச் சொல்லி வாக்குக் கேட்கிற கட்சி அது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஆகவே, என் தொகுதி உறுப்பினர் உட்பட உங்கள் 650 பேரிடமும் கேட்கிறேன். அமைச்சர்களின் விதிக்கோவையைச் சட்டமாக்குங்கள். ஆலோசகர் கண்டதற்கான தண்டனையைப் பிரதமரின் கையிலிருந்து எடுத்து, கொறடா ஆணை இல்லாத வாக்கெடுப்பில் சபையின் முன் வையுங்கள். பிரபுக்கள் நியமன ஆணையம் ஒருவரை வேண்டாம் என்றால் அதுவே முடிவாக இருக்கட்டும். நன்கொடைக்கு அந்தப் பத்தாயிரம் எல்லையைப் போடுங்கள். கட்சி நடத்தப் பணம் போதாவிட்டால், எங்கள் கோயில் நிர்வாகம் தேர்த் திருவிழாவுக்குச் செய்வதுபோல, பத்தும் இருபதுமாகப் பலரிடம் கேளுங்கள். இவற்றில் நன்கொடை பற்றிய கோரிக்கை இந்தச் சபையில் நிறைவேறும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவதை நிறைவேற்றுவதற்குப் பணம் தேவையில்லை, பொதுத் தேர்தல் தேவையில்லை, ஒரு பிற்பகல் போதும். 2021 நவம்பர் 3ஆம் திகதி விசாரணை முறையையே மாற்றிப்போட உங்களுக்கு ஒரு பிற்பகல்தான் எடுத்தது.

2024 பொதுத் தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே வாக்களித்தார்கள். எங்கள் தெருவில் வாக்களிக்காத வீடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பேருந்து ஓட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வாக்குச் சாவடியில் நிற்பதும் ஒரு வரிசைதானே, அதில் நின்று என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். என்னிடம் இப்போதைக்கு அதற்குப் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். தமிழில் வேண்டியதில்லை, அறிக்கைப் பிரிவு ஆயத்தம் செய்து வைத்திருக்கும் பொதுப் பதிலும் வேண்டாம். விதிக்கோவையைச் சட்டமாக்கும் மூலம் வந்தால் கொறடா என்ன சொன்னாலும் ஆதரித்து வாக்களிப்பீர்களா என்பதற்கு ஆம், இல்லை என்ற ஒரு சொல் போதும். வருகிற பதில்களைத் திகதி, பெயர், சொன்ன சொல் என்று மூன்று நிரல் போட்டு ஒரு கொப்பியில் பதிந்து, வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வாசிக்க வைப்பேன். கொப்பி வாங்கியாகிவிட்டது. விலை 1 பவுண் 20 பென்ஸ். என் சொந்தக் காசு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உள்ளூராட்சி மன்ற ஊழியர் ஒருவர்,
கிழக்கு இலண்டன்